குழாய்க்குள் போனதும் படம் போய்விடுகிறது: பழுது கேமரா தலையிலா, ராடிலா, ரீலிலா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். 60 மீட்டர் ராடு (உள்ளே வயர் ஓடும், வளையக்கூடிய நீளக் கோல்) உள்ள, கையால் தள்ளும் கழிவுநீர்க் குழாய்க் கேமரா. மேஜைமேல் வைத்துப் போட்டால் நன்றாக வேலை செய்கிறது. குழாய்க்குள் விட்டால் கொஞ்ச தூரத்தில் படம் துடிக்கிறது, திரை நீலமாகிறது. ரீலைச் சற்றுப் பின்னால் சுற்றினால் படம் திரும்ப வருகிறது. வெளிச்சமும் முன்போல இல்லை. மல்டிமீட்டரில் எல்லா வயரும் கன்டினியூட்டி, அதாவது அறுபடவில்லை என்று, காட்டுகிறது. பழுதுபார்க்கும் இடத்திலோ, "கேமரா தலை போய்விட்டது, புதிது போடுங்கள்" என்கிறார்கள். போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். பதில் உங்கள் கேள்வியிலேயே பாதி இருக்கிறது. ரீலைப் பின்னால் சுற்றினால் படம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரீல் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது குழாய்க்குள் கிடக்கும் தலைக்குத் தெரியாது. தலை கெட்டிருந்தால் ரீலைச் சுற்றியெல்லாம் அதைச் சரிசெய்ய முடியாது. இந்தக் கருவியில் பழுது தேடும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எதை அசைத்தால் பழுது வருகிறது, எதை அசைத்தால் போகிறது? அதற்குப் பதில் கிடைக்கும்வரை எந்தத் திருகையும் கழற்ற மாட்டேன்.

மின்சாரம் போகும் பாதையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி, கட்டுப்பாட்டுப் பெட்டி, அங்கிருந்து ரீலுக்குப் போகும் சுருள் கேபிள், அதன் இரு முனையிலும் கனெக்டர், ரீலின் நடுவில் ஸ்லிப் ரிங் (அசையாத வயரிலிருந்து சுற்றும் ரீலுக்கு மின்சாரத்தைக் கடத்தும் வளைய இணைப்பு), பிறகு ராடுக்குள் ஓடும் மூன்று நான்கு மெல்லிய வயர்கள், ராடு முனையில் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குள் இணைப்பு, கடைசியில் தலை. 12 வோல்ட் இந்த வழியாகத்தான் போகிறது; படமும் இதே வழியாகத் திரும்பி வருகிறது. ஒரு வயர் பிளஸ், ஒன்று மைனஸ், ஒன்று வீடியோ. சிலவற்றில் சோண்டுக்கு (தலை மண்ணுக்கடியில் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து கண்டுபிடிக்க அலை விடும் சுருள்) என்று தனியாக ஒன்று இருக்கும்.

இந்த வரிசையில் எவையெல்லாம் அசைகின்றன? ஸ்லிப் ரிங் சுற்றுகிறது. ஸ்பிரிங்குக்குள் இருக்கும் வயர்கள் ஒவ்வொரு வளைவிலும் மடங்கி நிமிர்கின்றன. சுருள் கேபிளின் கனெக்டரைத் தினமும் மாட்டிக் கழற்றுகிறோம். மற்றவை ஏறக்குறைய சும்மா இருக்கின்றன. என் கைக்கு வந்த பழுதுகளில் பெரும்பங்கு இந்த மூன்று இடங்களில்தான். தலைக்குள் இருக்கும் கேமரா பலகை தானாகச் செத்துப்போவது உண்டு, ஆனால் அபூர்வம். தண்ணீர் புகுந்தால் சாகும். அது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது கெட்ட வழியில்தான். ஆரம்ப காலத்தில் ஒரு தலையை மூன்று மணி நேரம் போராடித் திறந்தேன். முன் கண்ணாடியின் சீலைக் கெடுத்தேன், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓரிங் ஒன்றை அறுத்தேன். கடைசியில் பழுது ரீல் கனெக்டரில். ஒரு பின் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப்போயிருந்தது. ஊசியால் முன்னால் இழுத்துவிட்டதும் படம் வந்தது. நான் திறந்த தலை மட்டும் அதற்குப் பிறகு ஒருபோதும் முழுதாகத் தண்ணீர் தாங்கவில்லை.

வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. கழிவுநீரில் கிடந்த பொருள் அது. எலிக்காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் பரவும் வழிகளில் அதுவும் ஒன்று. கிருமிநாசினி போட்டுக் கழுவி, துடைத்து, காயவைத்து, கையுறையோடு மேஜைக்குக் கொண்டுவாருங்கள். மேன்ஹோல் ஓரத்தில் உட்கார்ந்து கனெக்டரைப் பிடுங்கிச் சொருகிப் பார்க்க வேண்டாம். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு சிறு பொறி போதும். சாதாரணத் தள்ளு கேமராக்கள் பெரும்பாலும் வெடிவாயு உள்ள இடத்துக்கென்று செய்யப்பட்டவை அல்ல. மின்சாரம் ஓடும்போது கனெக்டரைப் பிரித்தால் பொறி வரத்தான் செய்யும்.

சரி, முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது அளந்து 12 வோல்ட் இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள். கேமராவும் விளக்கும் முழு வெளிச்சத்தில் ஓடும்போது அளக்க வேண்டும். மூன்று செல் லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், சராசரியாக 11.1, 9 வோல்ட் பக்கம் வந்தால் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும். ஈய அமில பேட்டரியாக இருந்தால், சும்மா இருக்கும்போதே 12.0 வோல்ட் என்றால் கிட்டத்தட்டக் காலி. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ராடில் ஒரு கணம் ஷார்ட் ஆனால் லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடக்கூடும். சில பேட்டரிகளில் சார்ஜரை ஒருமுறை மாட்டினால்தான் அது மறுபடி விழிக்கும். அதுவரை கருவி முழுதாகச் செத்ததுபோல் கிடக்கும். பேட்டரியையும் மாற்றி, கட்டுப்பாட்டுப் பெட்டியையும் அனுப்பி, கடைசியில் ராடில் ஷார்ட் என்று கண்டுபிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அணைந்து, சார்ஜர் போட்டதும் உயிர் வந்தால், 'அணைத்தது எது' என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பாதியாக வெட்டிப் பார்ப்பது. தலையை ஸ்பிரிங்கிலிருந்து கழற்றி, ஒரு குட்டை வயரால் நேரே கட்டுப்பாட்டுப் பெட்டியில் மாட்டுங்கள். ராடு, ரீல், ஸ்லிப் ரிங் எல்லாம் விலகிவிடும். பல கருவிகளில் இரண்டு பக்கக் கனெக்டரும் ஒன்றாக இருக்காது. அதற்கு ஒரு சோதனை வயர் செய்துகொள்ள வேண்டியிருக்கும். எந்தப் பின் எது என்று கையேட்டில் பார்த்து உறுதிசெய்துகொண்டு மாட்டுங்கள். பிளஸ் தவறி வீடியோ பின்னில் போய்விட்டால், நன்றாக இருந்த தலையும் போய்விடும். நேரே மாட்டி அரை மணி நேரம் ஓடவிட்டு, தலையைக் கையில் பிடித்துத் திருப்பி, குலுக்கி, விளக்கைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். படம் ஆடாமல் நின்றால் தலை குற்றவாளி இல்லை. உங்களுக்கு அப்படித்தான் நிற்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது கன்டினியூட்டி விஷயம். மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் தவறு. பீப் ஒலி பல மீட்டர்களில் 30, 40 ஓம் வரைகூட அடிக்கும். அதோடு, மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். ஏழு இழை வயரில் ஆறு அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் அந்த ஒரு மில்லி ஆம்பியர் தாராளமாகப் போய்விடும். கேமராவும் விளக்கும் கேட்பது 100, 200 மில்லி ஆம்பியர். அந்த ஓட்டத்தில்தான் லூஸ் கான்டாக்டின் குணம் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் விளங்கும். ராடுக்குள் இருப்பது 0.14 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் என்று வைத்துக்கொள்வோம். போக 60 மீட்டர், வர 60 மீட்டர், மொத்தம் 120 மீட்டர். மின்தடை சுமார் 15 ஓம் வரும். தலை 150 மில்லி ஆம்பியர் எடுத்தால் வழியிலேயே 2.25 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் கொடுத்தால் தலைக்குக் கிடைப்பது 9.75. இதில் ஸ்லிப் ரிங்கில் அழுக்கேறி 10 ஓம் கூடினால் இன்னும் ஒன்றரை வோல்ட் போய், தலைக்கு 8.25தான் மிஞ்சும். வெள்ளை எல்இடி ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். மூன்றைத் தொடராக இணைத்த தலையில் 9 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் வெளிச்சம் விழுந்துவிடும். ஆனால் கேமரா பலகை உள்ளே 5 வோல்ட்டில் ஓடுவதாக இருந்தால் அது தாக்குப்பிடிக்கும். அதனால்தான் 'படம் இருக்கிறது, வெளிச்சம் குறைகிறது' என்றால் நான் எல்இடியைச் சந்தேகிக்க மாட்டேன். எல்இடிகள் எல்லாம் ஒரே நாளில் ஒன்றாகச் சேர்ந்து மங்குவதில்லை. வோல்ட்டேஜ் வந்து சேரவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். உங்கள் மங்கிய வெளிச்சமும் துடிக்கும் படமும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

அப்படியானால் சுமை கொடுத்து அளக்க வேண்டும். தலையைக் கழற்றிவிட்டு, ராடு முனையில் பிளஸ் மைனஸ் இடையே 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டுங்கள். 12 வோல்ட் கொடுத்தால், மேலே சொன்ன 15 ஓம் ராடில் ரெசிஸ்டரின் இரு முனையில் சுமார் 10.4 வோல்ட் இருக்கும். எங்கோ 10 ஓம் கூடியிருந்தால் 9.6 காட்டும். எண் எவ்வளவு என்பதைவிட அது நிலையாக நிற்கிறதா என்பதுதான் முக்கியம். மீட்டரை அப்படியே வைத்துவிட்டு ஒருவர் ரீலை மெதுவாகச் சுற்றட்டும், நீங்கள் ஸ்பிரிங்கை வளையுங்கள், கனெக்டரை ஆட்டுங்கள். எந்த அசைவில் எண் குதிக்கிறதோ அங்கேதான் பழுது. இதற்கு டிஜிட்டல் மீட்டரைவிடப் பழைய முள் மீட்டர் நல்லது. நொடியில் வந்துபோகும் துண்டிப்பை டிஜிட்டல் விழுங்கிவிடும். முள் துள்ளிக் காட்டும். முள் மீட்டர் இல்லையென்றால் ரெசிஸ்டருக்குப் பதிலாக 12 வோல்ட் 2 வாட் பல்பு ஒன்றைப் போட்டு, அது சிமிட்டுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஸ்லிப் ரிங்கா ராடா என்று பிரிக்க இன்னும் சுலபமான வழி ஒன்று இருக்கிறது, கருவியே தேவையில்லை. ரீலின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். படம் போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கோணத்தில் படம் போனால் ஸ்லிப் ரிங். தூரம் காட்டும் கவுண்டரும் இதற்குச் சாட்சி சொல்லும். ராடு சுற்றியிருக்கும் வட்டத்தின் விட்டம் 50 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் ராடு வெளியே போகும். படம் 10.0, 11.6, 13.2 என்று சீரான இடைவெளியில் துடித்தால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்லிப் ரிங்கைத் திறக்கலாம். மாறாக, எப்போதும் குழாயின் முதல் வளைவில் தலை நுழையும்போது மட்டும் போனால் ஸ்பிரிங் பக்கம். ராடின் குறிப்பிட்ட ஒரு மீட்டர் ரீலை விட்டு நிமிரும்போது போனால், அந்த மீட்டரில் ராடுக்குள்ளேயே வயர் அறுந்திருக்கிறது. ரீல் ஓடாமல் நிற்கும்போது, யாரும் எதையும் தொடாதபோது படம் போனால் சூடு, ஈரம், பேட்டரி என்று வேறு திசையில் யோசிக்க வேண்டும்.

ஸ்லிப் ரிங்கில் இரண்டு வகை. ஒன்று, வளையங்களும் அவற்றைத் தொட்டு மின்சாரம் கடத்தும் தூரிகைகளும் (பிரஷ்) கண்ணுக்குத் தெரியும் திறந்த வகை. இன்னொன்று, மூடிய குப்பி போன்றது. இருபுறமும் வயர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மூடியதைத் திறக்க முயல வேண்டாம், மாற்றுவதுதான். ஆனால் மாற்றும் முன் ஒன்றைப் பாருங்கள். ஸ்லிப் ரிங்கின் ஒரு பாதி ரீலோடு சுற்றும், மறு பாதி சட்டத்தோடு அசையாமல் நிற்கும். அசையாத பாதியைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன நாக்கு இருக்கும். அது கழன்றிருந்தால் மறு பாதியும் சேர்ந்து சுற்றி, வயர்கள் முறுக்கேறி அறுந்துபோகும். ஸ்லிப் ரிங் கெட்டது என்று தூக்கி எறியப்பட்ட சிலவற்றில் கெட்டது அந்த நாக்கு மட்டும்தான்.

திறந்த வகையில் வளையத்தில் கறுப்புப் படலம் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கழிவுநீர்க் குழாயில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். ஈர ராடை அப்படியே சுற்றி, ரீலை மூடிய வண்டியில் வைத்தால் அந்த வாயு உள்ளேயே தங்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், மேலே இருக்கும் மெல்லிய தங்க முலாமோ வெள்ளி முலாமோ போய்விடும், பிறகு இரண்டே வாரத்தில் மறுபடி கறுக்கும். எதற்கெடுத்தாலும் அடிக்கும் அந்தத் துரு நீக்கும் எண்ணெயையும் இங்கே அடிக்க வேண்டாம். அன்றைக்குப் பளிச்சென்று வேலை செய்யும், அப்புறம் தூசியைப் பிடித்து வைத்துப் பசையாகும். துடைத்தபின் தூரிகைகள் வளையத்தில் சமமாக அழுந்துகின்றனவா என்று பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும் போதும், ஒரு வயர் மட்டும் விட்டு விட்டு வரும். ராடின் உள்முனை ஸ்லிப் ரிங்கோடு சேரும் இடத்தில் உள்ள சால்டரையும் இழுத்துப் பாருங்கள்.

இனி ஸ்பிரிங் பக்கம். தலைக்குப் பின்னால் உள்ள முதல் அரை மீட்டர்தான் ராடின் மிகவும் துன்பப்படும் பகுதி. ராடின் கண்ணாடியிழை விறைப்பானது, ஸ்பிரிங் வளைவது; இரண்டும் சந்திக்கும் இடத்தில் வயர் மடங்கி மடங்கி இழை இழையாக அறும். வெளியே உறை முழுதாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். வயரை மெல்லப் பிடித்து இழுத்தால் அந்த இடத்தில் உறை ரப்பர்போல நீளும். உள்ளே செம்பு இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். சுமை ரெசிஸ்டரோடு ஸ்பிரிங்கை நான்கு திசையிலும் வளைத்து முள்ளைப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

நடு ராடில் அறுந்திருந்தால் எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? மொத்த ராடையும் மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் கெப்பாசிட்டன்ஸ் (இரண்டு வயருக்கு நடுவே மின்னூட்டம் தேங்கும் அளவு) அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் ஒன்று போதும். இரு பக்கமும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அறுந்த வயருக்கும் பக்கத்து நல்ல வயருக்கும் இடையே ஒரு முனையிலிருந்து அளவு எடுங்கள், பிறகு மறு முனையிலிருந்து. வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு கெப்பாசிட்டன்ஸ். தலைப்பக்கம் 0.4 நானோஃபாரட், ரீல் பக்கம் 5.6 நானோஃபாரட் வந்தால் மொத்தம் 6.0. அப்படியானால் 0.4-ஐ 6.0-ஆல் வகுத்து 60 மீட்டரால் பெருக்குங்கள்: தலையிலிருந்து 4 மீட்டர். மீட்டரின் சொந்த வயர்களுக்கும் கொஞ்சம் அளவு இருக்கும், அதை முதலில் கழித்துவிடுங்கள். அங்குல சுத்தமாக வராது, அரை மீட்டர் முன்பின் இருக்கும். ஆனால் 'முன்னால் 5 மீட்டரை வெட்டிவிட்டு 55 மீட்டரோடு வேலை பார்க்கலாமா, இல்லை நடுவில் போய்விட்டதா' என்று முடிவெடுக்க அது போதும். விட்டு விட்டு வரும் துண்டிப்பானால், அளக்கும் நேரத்தில் அது துண்டித்த நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு வயர் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகியிருந்தால் கெப்பாசிட்டன்ஸ் உதவாது. ஓம் அளவுதான் உதவும். இரு முனையிலிருந்தும் அந்த ஜோடியின் ஓம் அளவை எடுங்கள். எந்தப் பக்கம் குறைவோ ஷார்ட் அந்தப் பக்கத்துக்கு அருகில். சில ஓம் அளவு வேறுபாடுதான் என்பதால் மீட்டர் முனைகளை அழுத்திப் பிடித்து அளக்க வேண்டும். இன்சுலேஷன் பார்க்கிறேன் என்று 500 வோல்ட் மெகர் (அதிக வோல்ட்டேஜ் கொடுத்து உறையைச் சோதிக்கும் மீட்டர்) மாட்டுவதாக இருந்தால் முதலில் தலையும் பெட்டியும் கழன்றிருக்கின்றனவா என்று இரண்டு முறை பாருங்கள். அப்படியும் இந்த மெல்லிய உறைக்கு 500 வோல்ட் அதிகம். 50 அல்லது 100 வோல்ட் அளவு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

படமே பல விஷயங்களைச் சொல்லும், படிக்கத் தெரிந்தால். வெளிச்சம் திடமாக இருந்து படம் மட்டும் போனால் பிளஸும் மைனஸும் நன்றாக இருக்கின்றன; வீடியோ வயரையோ தலையின் பலகையையோ பாருங்கள். இரண்டும் சேர்ந்தே போனால் பிளஸ் அல்லது மைனஸ். நிறம் மட்டும் போய்க் கறுப்பு வெள்ளையானால்? பழைய முறை வீடியோவில் நிறத் தகவல் மேல் அதிர்வெண்ணில் போகிறது. பால் (PAL) என்ற வீடியோ முறையில் 4.43 மெகாஹெர்ட்ஸ், என்டிஎஸ்சி (NTSC) என்ற முறையில் 3.58. ஈரமேறிய வயர் மேல் அதிர்வெண்ணைத்தான் முதலில் தின்னும், அதனால் நிறம் முதலில் போகும். ஆனால் தலையைப் புதிதாக மாற்றியபின் படம் கறுப்பு வெள்ளையாகி உருண்டுகொண்டே இருந்தால் பழுது எதுவும் இல்லை; பெட்டி பால், தலை என்டிஎஸ்சி என்று மாறிவிட்டது, அவ்வளவுதான். படம் அளவுக்கு மீறி வெளுத்திருந்தால், வீடியோ வயரின் கடைசியில் இருக்க வேண்டிய 75 ஓம் முடிவுத்தடை இல்லாமல் ஓடுகிறது. ஒரு வோல்ட் வர வேண்டிய இடத்தில் இரண்டு வருகிறது. பதிவுக்கருவியையும் மானிட்டரையும் ஒரே வயரில் கிளை பிரித்து மாட்டி, இரண்டும் 75 ஓம் கொடுத்தால் படம் மங்கும். மேலோ கீழோ மெல்ல நகரும் கிடைமட்டப் பட்டைகள் தெரிந்தால் சார்ஜரையும் மின்சாரத்தில் மாட்டிய பதிவுக்கருவியையும் பிடுங்கிவிட்டு வெறும் பேட்டரியில் ஓட்டுங்கள். பட்டை மறைந்தால் எர்த் இரண்டு வழியில் சுற்றுகிறது. ராடைத் தொட வேண்டியதில்லை.

ஈரம்தான் எல்லாவற்றிலும் எரிச்சலூட்டும் பழுது. காலையில் நன்றாக ஓடும், இருபது நிமிடத்தில் கண்ணாடியில் மூட்டம், பிறகு படத்தில் கோடுகள், பிறகு ஒன்றுமில்லை. வெயிலில் வைத்தால் சரியாகும், இரண்டு நாள் ஓடும், மறுபடி வரும். ராடின் உறையில் ஒரு கீறல் இருந்தால் போதும், தண்ணீர் வயர் இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிப் பல மீட்டர் தாண்டிப் போய் இருக்கும். தலையைத் திறந்து காயவைத்து மூடினாலும் ராடிலிருந்து மறுபடி வந்து சேரும். முனையில் வயரைச் சீவும்போது செம்பு பளபளக்காமல் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால், பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் சால்டர் ஒட்டாது. ஒட்டியதுபோல் தெரிந்தாலும் நிற்காது.

முனையை மறுபடி கட்டும் வேலையில்தான் பழுதுபார்ப்பவரின் கை தெரியும். இழுவையைத் தாங்க வேண்டியது கண்ணாடியிழையும் அதைக் கவ்வும் இணைப்பும். வயர் எதையும் தாங்கக் கூடாது. ஸ்பிரிங் முழுதாக நீண்டாலும் இழுபடாத அளவுக்கு வயரைச் சுருளாக உள்ளே விடுங்கள். சால்டர் வைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறிக் கொஞ்ச தூரம் கம்பிபோல விறைத்துவிடும்; அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அடுத்த முறை அறும். அதனால் சால்டர் இடம் வளையாத பகுதிக்குள் வரும்படி வைத்து, உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாயைப் போட்டு மூடுங்கள். மூன்று வயரின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் ஸ்பிரிங்குக்குள் இடமும் மிஞ்சும், ஷார்ட்டும் ஆகாது. சிலிக்கான் பசை பூசினால் காடி வாசனை அடிக்கும் வகை வேண்டாம். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். நடுநிலை வகை என்று கேட்டு வாங்குங்கள். ஓரிங்கைப் புதிதாகப் போட்டு, சிலிக்கான் கிரீஸ் மெல்லத் தடவி, தலைமுடி ஒன்றுகூட குறுக்கே கிடக்காமல் பார்த்து மூடுங்கள். ஒரு முடி போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

சோண்டு பற்றி ஒரு வரி. 512 ஹெர்ட்ஸில் அலை விடும் அந்தச் சுருளை இயக்கியதும் படம் துடித்தால், சோண்டு கெட்டது என்று ஆகாது. சோண்டும் மின்சாரம் எடுக்கிறது. விளிம்பில் நின்ற வோல்ட்டேஜ் அதனால் விழுகிறது. படத்தில் மெல்லிய கோடுகள் மட்டும் வந்தால் பல கருவிகளில் அது இயல்புதான். தூரக் கவுண்டரின் தகராறுகளில் பெரும்பாலானவை மின்பழுதே அல்ல, காந்தத்தின் மேலோ சென்சாரின் மேலோ படிந்த அழுக்கு.

சக்கரத்தில் தானே ஓடும் வண்டிக் கேமராவுக்கும் இதே தேடும் முறை பொருந்தும், ஒரு பெரிய வேறுபாட்டோடு. சில வண்டிகளின் நீண்ட கேபிளில் நூறு வோல்ட்டுக்கும் மேல் ஓடுகிறது. கையேட்டில் எவ்வளவு என்று பார்க்காமல் அந்த ரீலைத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஓட்டும்போது எர்த் கசிவு பிரேக்கர் விழுகிறது என்றால் அதைத் தாண்டி மாட்டி ஓட்டிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். ஈர மண்ணில் நின்றுகொண்டு செய்யும் வேலை இது.

தலையை மாற்றத்தான் வேண்டும் என்று நான் சொல்லும் நிலைமைகளும் உண்டு. நேரே பெட்டியில் மாட்டினாலும் படம் இல்லை, கண்ணாடிக்குள் நீர்த்துளி நிற்கிறது, பலகையில் பச்சை பூத்திருக்கிறது. அல்லது படம் எப்போதும் நேராகத் தெரியும்படி தானாக நிமிரும் தலையாக இருந்து, கையில் பிடித்து உருட்டும்போது குறிப்பிட்ட கோணத்தில் படம் போகிறது. அப்படிப்பட்ட தலைக்குள்ளேயே ஒரு குட்டி ஸ்லிப் ரிங் இருக்கிறது, அது தேய்ந்துவிட்டது. இவை இரண்டும் இல்லாமல் தலை மாற்றச் சொன்னால், நேரே மாட்டி என் கண் முன்னால் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

உங்கள் கருவிக்கு நான் செய்வது இந்த வரிசையில் இருக்கும்: சாக்பீஸ் கோடு, கவுண்டர் இடைவெளி, 100 ஓம் சுமையோடு ரீலைச் சுற்றுவது, ஸ்லிப் ரிங்கைத் துடைப்பது. அது முடிந்ததும் ராடு முழுவதையும் வெளியே எடுத்துத் தரையில் நீட்டி, தலையை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, விளக்கு முழுதாக, சோண்டும் ஓட, அரை மணி நேரம் பார்ப்பேன். பிறகு படத்தைப் பார்த்தபடியே கடைசி மீட்டர்வரை மெதுவாகத் திரும்பச் சுற்றுவேன். அந்தச் சுற்றலில் ஒருமுறைகூடத் துடிக்கவில்லையென்றால் கருவி மறுநாள் வேலைக்குப் போகலாம்.